வாடகைக்கு விட வீடு வாங்கி நான் பட்ட பாடு: முதல் வீடு வாங்கப் போறவங்க படிங்க

வாடகை வருமானத்துக்காக முதல் தடவை வீடு வாங்கப் போறவங்களுக்காக இதை எழுதுறேன். வாங்கினதுல இருந்து ரெண்டு வருஷத்துக்கு மேல நான் பட்ட அலைச்சல், ராத்திரி தூக்கம் போனது, கையில இருந்து போன காசு எல்லாத்தையும் வரிசையா சொல்றேன். அப்போ எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்ல, எங்க குடும்பத்துல யாரும் வீடு வாங்கி வாடகைக்கு விட்டது கிடையாது, சுத்தி இருந்தவங்க சொன்னது ஒண்ணுதான், "வீட்டுல போட்ட காசு எங்கயும் போகாது". போட்ட காசு எங்கயும் போகல, ஆனா அது உள்ள போனதுக்கப்புறம் மாசா மாசம் இன்னும் எவ்வளவு கேக்கும்னு ஒருத்தரும் சொல்லல. வர்ற வாடகையில பெரும்பகுதி நம்ம காசே இல்ல, வீட்டோட காசு, அதை முதல் நாளே தனியா எடுத்து வச்சிடணும். நான் சொல்ல வர்றதோட அடிப்படை இதுதான்.

நான் வாங்கினது ஒரு பழைய அப்பார்ட்மென்ட்ல ரெண்டாவது மாடி ஃபிளாட். புரோக்கர் சொன்ன வார்த்தை இன்னும் காதுல இருக்கு, "மேடம், நீங்க கைக்காசு போடவே வேணாம், வாடகையே இஎம்ஐ கட்டிடும்". இந்த ஒரு வரியை யார் சொன்னாலும் உடனே பேப்பர் பேனா எடுத்துடுங்க. வீட்டு விலை 100னு வச்சுக்கோங்க, வருஷ வாடகை 4 வருதுன்னு வைங்க, இது 4 சதவீதம். வருஷத்துல ஒரு மாசம் வீடு காலியா கிடந்தாலே அது 3.67 ஆயிடும். அதுல அசோசியேஷன் மெயின்டனன்ஸ், சொத்து வரி, இன்சூரன்ஸ், அப்பப்போ வர்ற ரிப்பேர், ஆள் மாறும்போது பெயிண்ட், புரோக்கர் கமிஷன் எல்லாம் கழிச்சா இரண்டரை நிக்கிறதே பெரிய விஷயம். இப்போ இந்தப் பக்கம் பாருங்க, 80 கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம்னா வருஷத்துக்கு கட்ட வேண்டிய இஎம்ஐ மட்டும் 8.64. வர்றது இரண்டரை, போறது எட்டரைக்கு மேல, மிச்சம் 6 சம்பளத்துல இருந்துதான் போகணும், அதுவும் ஒவ்வொரு வருஷமும். வாடகையும் வட்டியும் இடத்துக்கு இடம் மாறும், சில இடங்கள்ல வாடகை இதைவிட நல்லாவே வரும், ஆனா கணக்கு போடுற முறை எல்லா இடத்துக்கும் ஒண்ணுதான். ரொம்ப நாளா இதுல இருக்குறவங்க ஒரு தோராயக் கணக்கு சொல்வாங்க, நீண்ட காலத்துல பாத்தா கடன் தவணையைச் சேர்க்காமலே வாடகையில பாதி செலவுக்குப் போயிடும்னு. எனக்கு முதல்ல அது மிகையா தெரிஞ்சது, இப்போ என் நோட்டுப்புத்தகத்தைப் பாத்தா அவங்க சொன்னது குறைச்சல்னு தோணுது.

கடனைப் பத்தி இன்னொண்ணு, இதை பேங்க்ல உக்கார வச்சு யாரும் விளக்க மாட்டாங்க. அதே 9 சதவீதம், 20 வருஷம், கடன் 1,00,000னா மாச இஎம்ஐ சுமார் 900. முதல் மாசம் கட்டுற அந்த 900ல 750 வட்டி, 150 தான் அசல். பத்து வருஷம் விடாம கட்டிட்டு திரும்பிப் பாத்தா இன்னும் 71,000 பாக்கி நிக்கும். பாதி காலம் முடிஞ்சா பாதி கடன் முடிஞ்சிருக்கும்னு நினைக்கிறவங்கதான் அதிகம், அப்படி இல்ல. வட்டி மாறுற வகைக் கடனா இருந்து ஆரம்பத்துலயே 9ல இருந்து 11க்கு ஏறிச்சுன்னா 900 கட்டினவங்க 1,032 கட்டணும், பழைய 900 மாச வட்டிக்கே பத்தாது. அதனால கையில கொஞ்சம் காசு சேர்ந்தா ஆரம்ப வருஷங்கள்லயே அசல்ல கட்டிடுங்க, அப்போ கட்டுற காசுதான் அதிக வட்டியை மிச்சப்படுத்தும். முன்கூட்டி கட்டினா அபராதம் உண்டான்னு மட்டும் கடன் பத்திரத்துல பாத்துக்கோங்க.

வீட்டைப் பாக்கப் போனப்போ சுவர் எல்லாம் புதுசா பெயிண்ட் அடிச்சு பளிச்சுன்னு இருந்துச்சு. வித்தவர் ரொம்ப மரியாதையா பேசினார், "நாங்க இருந்த வீடும்மா, எந்தப் பிரச்சனையும் வந்ததில்ல"ன்னார். பத்திரப்பதிவு முடிஞ்சு சாவி கைக்கு வந்து கொஞ்ச வாரம்தான், பாத்ரூமை ஒட்டின பெட்ரூம் சுவர்ல கீழ்ப்பக்கமா பெயிண்ட் கொப்பளம் கொப்பளமா எழும்ப ஆரம்பிச்சுது, விரலால தொட்டா உள்ள வெள்ளையா உப்பு பூத்து பவுடர் மாதிரி கொட்டுது. ஓதம். சுவருக்குள்ள தண்ணி ஏறி, அது காயும்போது சிமென்ட்ல இருக்குற உப்பை வெளியில தள்ளிட்டுப் போகும், அதுதான் அந்த வெள்ளைப் பவுடர். அது மேல எத்தனை தடவை பெயிண்ட் அடிச்சாலும் நிக்காது, தண்ணி எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு அடைச்சு, சுவர் நல்லா காஞ்சதுக்கப்புறம்தான் கை வைக்கணும். விக்கிறதுக்கு முன்னாடி அடிச்ச அந்தப் புது பெயிண்ட்டோட வேலை இதை மறைக்கிறதுதான்னு அன்னைக்கு எனக்குப் புரிஞ்சப்போ வந்த கோபம் இருக்கே, அந்த ராத்திரி அழுதேன்.

ஓதத்தை சரி பண்ணாமலே முதல் குடித்தனம் வந்துட்டாங்க, ரெண்டு பிள்ளைகளோட ஒரு நல்ல குடும்பம், வாடகை தேதி தவறாது. ஒரு நாள் கீழ் வீட்டு அம்மா போன் பண்ணி, "உங்க பாத்ரூம் தண்ணி எங்க வீட்டு சீலிங்ல சொட்டுதும்மா, வந்து பாருங்க"ன்னாங்க. போய்ப் பாத்தா காரை பெயர்ந்து கம்பி தெரியுது. அங்கிருந்து ஆரம்பிச்சுது பிளம்பர் படலம். முதல் ஆள் வந்து குழாய் ஜாயின்ட்டை மாத்தினார், நிக்கல. அடுத்த ஆள் டைல்ஸ் இடுக்கெல்லாம் புதுசா அடைச்சார், ரெண்டு வாரம் நின்னுது, மறுபடியும் சொட்டுச்சு. இன்னொருத்தர் வந்து "வீட்டுல சார் இல்லையா மேடம், அவர்கிட்ட பேசிக்கிறேன்"ன்னார். நான்தான் ஓனர், என்கிட்டயே பேசுங்கன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. கடைசியா வந்த வயசான கொத்தனார் ஒருத்தர்தான் எதையும் உடைக்காம முதல்ல சோதனை பண்ணினார். வீட்டுல எல்லா குழாயையும் மூடச் சொல்லி தண்ணி மீட்டரைப் பாத்தார், முள் நகரல, அப்போ அழுத்தத்துல இருக்குற குழாய்ல ஓட்டை இல்ல. அப்புறம் பாத்ரூம் தரைத் துவாரத்தை துணி வச்சு அடைச்சு, கொஞ்ச உயரம் தண்ணி கட்டி, ஒரு நாள் முழுக்க அப்படியே விடச் சொன்னார். மறுநாள் கீழ் வீட்டு சீலிங்ல ஈரம் அகலமா படர்ந்திருந்துச்சு. டைல்ஸுக்கு அடியில இருக்குற வாட்டர் ப்ரூஃபிங் போயிடுச்சும்மா, மேலோட்டமா என்ன பண்ணினாலும் வீண்ன்னார். டைல்ஸ் எல்லாம் பேத்து, கீழ இருந்த ஈர ஜல்லியை அள்ளி, புதுசா வாட்டர் ப்ரூஃபிங் போட்டு, திரும்பவும் தண்ணி கட்டி நிறுத்திப் பாத்து, அதுக்கப்புறம் டைல்ஸ் ஒட்டினாங்க. முன்னாடி வந்தவங்களுக்குக் கொடுத்தது, கீழ் வீட்டு சீலிங் செலவு எல்லாம் சேர்த்து எட்டு மாச வாடகைக்கு மேல போச்சு. இருக்குறது ஒரே பாத்ரூம், அதை உடைச்சுப் போட்டா பிள்ளைகளை வச்சுக்கிட்டு அவங்க எங்க போவாங்க, நல்ல குடித்தனம் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. எனக்கு காசு போனதைவிட அவங்க போனதுதான் வருத்தம்.

இதுல இருந்து நான் சொல்ல வர்றது, பழைய வீடு வாங்குறவங்க அந்த வீட்டை மட்டும் பாத்தா பத்தாது, கீழ் வீட்டுக் கதவைத் தட்டி "ஒரு நிமிஷம் உங்க பாத்ரூம் சீலிங்கைப் பாத்துக்கலாமா"ன்னு கேளுங்க. கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும், கேளுங்க. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயிண்ட் இருந்தா அந்த சுவர்ல என்ன இருந்துச்சுன்னு கேளுங்க. மழை பெஞ்ச மறுநாள் ஒரு தடவை போய்ப் பாருங்க, கடைசி மாடி வீடா இருந்தா மொட்டை மாடியில தண்ணி எங்க தேங்குதுன்னு பாருங்க, எல்லாக் குழாயையும் ஒரே நேரத்துல திறந்து விட்டு அழுத்தம் குறையுதா, தரையில தண்ணி எவ்வளவு வேகமா வடியுதுன்னு பாருங்க. வீட்டுக்குக் குடுக்குற விலையோட ஒப்பிட்டா ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போய் காட்டுற ஃபீஸ் ஒண்ணுமே இல்ல. பத்திரம், வில்லங்கம், பாக்கி வரி, பாக்கி மெயின்டனன்ஸ் எல்லாம் ஒரு வக்கீல்கிட்ட தனியா காட்டுங்க, விக்கிறவர் கைகாட்டுற வக்கீல்கிட்ட இல்ல. அப்பார்ட்மென்ட்னா அசோசியேஷன் கணக்குல பொது நிதி எவ்வளவு இருக்கு, லிஃப்ட்டு, மோட்டார் மாத்துற மாதிரி பெரிய வேலை எதுவும் பேசிக்கிட்டு இருக்காங்களான்னு கேளுங்க, ஏன்னா அந்தச் செலவு வாங்கின மறு மாசமே உங்க தலையில விழும்.

வாடகை எவ்வளவு வரும்ங்கிறதையும் விக்கிறவர் சொல்றதை வச்சு முடிவு பண்ணாதீங்க. அதே ஏரியாவுல அதே மாதிரி வீடு வாடகைக்குன்னு விளம்பரம் போட்டிருக்கிறவங்களுக்கு நீங்களே போன் பண்ணி விசாரிங்க, என்ன வாடகை, எவ்வளவு நாளா காலியா இருக்கு, பேசினா குறைப்பாங்களா. ஒரே விளம்பரம் மாசக்கணக்கா அப்படியே கிடந்தா அந்த வாடகைக்கு அங்க ஆள் இல்லன்னு அர்த்தம். விளம்பரத்துல இருக்குறது ஓனர் ஆசைப்படுற வாடகை, கையில வர்றது வேற.

பாத்ரூம் வேலை முடிஞ்சு வீடு காலியா கிடந்த மாசங்கள் ரொம்ப கொடுமை. இஎம்ஐ போகுது, மெயின்டனன்ஸ் போகுது, வாடகை இல்ல. காலி வீட்டைப் பத்தி ஒரு சின்ன எச்சரிக்கை, நிறைய இன்சூரன்ஸ் பாலிசியில வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ காலியா இருந்தா சில பாதுகாப்பு நின்னுடும்னு ஒரு வரி இருக்கும், அதைப் படிச்சுப் பாத்துடுங்க. அந்த பதட்டத்துல இருந்தப்போதான் ரெண்டாவது ஆள் வந்தார். நல்லா டிரெஸ் பண்ணியிருந்தார், பேச்சு தேன், வீட்டைப் பாத்த அன்னைக்கே "அட்வான்ஸ் இப்பவே தர்றேன், நாளைக்கே வந்துடுறேன்"ன்னார். அவர் அப்போ குடியிருந்த வீட்டு ஓனருக்கு நான் போன் பண்ணி விசாரிச்சேன், அவரும் "தங்கமான ஆளுங்க, தாராளமா குடுங்க"ன்னார். அவர் ஏன் அப்படிச் சொன்னார்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, தன் வீட்டை விட்டு இவர் கிளம்பினா போதும்னு இருந்திருக்கார். அதனால இப்போ இருக்குற ஓனர்கிட்ட கேக்குறதைவிட, அதுக்கு முந்தின வீட்டு ஓனர்கிட்ட கேளுங்க. அவருக்கு மறைக்க எந்தக் காரணமும் இல்ல. "மறுபடியும் இவங்களுக்கே வீடு குடுப்பீங்களா"ன்னு கேட்டுட்டு அமைதியா இருங்க, அவர் யோசிக்கிற நேரமே பதில். வேலை பாக்குற இடத்தையும் சம்பளத்தையும் சரிபாருங்க, வாடகை அவங்க சம்பளத்துல மூணுல ஒரு பங்கைத் தாண்டினா கஷ்டப்படுவாங்கன்னு பொதுவா ஒரு கணக்கு உண்டு. அவசரமா இன்னைக்கே வர்றேன்னு சொல்றவங்க எல்லாம் தப்பானவங்கன்னு சொல்லல, ஆனா அவசரத்துக்கு காரணம் என்னன்னு கேட்டு அந்தக் காரணத்தை சரிபாருங்க.

முதல் சில மாசம் வாடகை ஒழுங்கா வந்துச்சு. அப்புறம் பத்து நாள் தள்ளி, அப்புறம் பாதி, அப்புறம் "அக்கா, அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்". மேடம்னு கூப்பிட்டவர் அக்கான்னு கூப்பிட ஆரம்பிச்சப்போ எனக்கு கேக்கவே கூச்சமாயிடுச்சு. அப்புறம் வாடகை முழுசா நின்னுடுச்சு, பக்கத்து வீட்டுல விசாரிச்சா உள்ள வேற ரெண்டு பேர் தங்கியிருக்காங்க, இவர் அவங்ககிட்ட தனியா வாடகை வாங்குறார். எனக்கு கை நடுங்குச்சு. தெரிஞ்சவங்க எல்லாம் கரண்ட்டை கட் பண்ணு, பூட்டை மாத்துன்னு சொன்னாங்க. தயவுசெஞ்சு அந்த வேலை பண்ணாதீங்க, வாடகை பாக்கி இருந்தாலும் தண்ணி, கரண்ட்டை நிறுத்துறதும் பூட்டை மாத்துறதும் பல நாடுகள்ல சட்டப்படி தப்பு, அதைச் செஞ்சா நியாயம் உங்க பக்கம் இருந்தும் கேஸ் உங்க மேல திரும்பும். நான் வக்கீலைப் பாத்தேன், அவர் முதல்ல கேட்டது, "எழுத்துல என்ன இருக்கு?". போன்ல பேசினது எதுக்கும் சாட்சி இல்ல. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணும் எழுத்துலதான், பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ள கட்டணும், ஒப்பந்தத்துல எந்த விதி மீறியிருக்குன்னு முறைப்படி நோட்டீஸ். மாசக்கணக்கா இழுத்து, கோர்ட்டுக்குப் போற கட்டத்துல பேசி முடிச்சு அவர் காலி பண்ணினார். அட்வான்ஸ் எல்லாம் வாடகை பாக்கியில கழிஞ்சு, அதுக்கு மேலயும் போச்சு, கரண்ட் பில் பாக்கி என் தலையில, கிச்சன் சிங்க் உடைஞ்சு, ஒரு கதவே இல்ல. பாத்ரூம் செலவு, காலி மாசங்கள், இவர் வச்ச பாக்கி, வக்கீல் ஃபீஸ் எல்லாம் கூட்டினா கிட்டத்தட்ட ரெண்டு வருஷ வாடகை காணாமப் போயிருக்கு.

ஒப்பந்தத்தை ரெடிமேடா கிடைக்கிற பேப்பர்ல பேர் மட்டும் நிரப்பிக் கையெழுத்து போடாதீங்க. வாடகை எந்தத் தேதிக்குள்ள, எத்தனை நாள் தாண்டினா என்ன, எத்தனை பேர் குடியிருக்கலாம், உள்வாடகை கூடாது, எந்த ரிப்பேர் யார் செலவு, எவ்வளவு நாள் முன்னாடி சொல்லிட்டு ஓனர் வந்து பாக்கலாம், காலி பண்ண எத்தனை மாச நோட்டீஸ், இதெல்லாம் தெளிவா இருக்கணும். உங்க ஊர் சட்டப்படி அதைப் பதிவு பண்ணணுமா, அட்வான்ஸுக்கு உச்சவரம்பு உண்டான்னு கேட்டுக்கோங்க, சட்டத்துக்கு எதிரா எழுதின விதி கையெழுத்து இருந்தாலும் செல்லாது. குடி வர்ற அன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு ரூமா போட்டோ, வீடியோ எடுங்க, சுவிட்ச், கதவு, சிங்க், டைல்ஸ், கரண்ட் மீட்டர் ரீடிங் வரைக்கும், அப்புறம் ஒரு லிஸ்ட் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒரு காப்பி. இது குடித்தனக்காரருக்கும் பாதுகாப்பு, முன்னாடியே இருந்த கீறலுக்கு அவர் ஏன் காசு குடுக்கணும். அஞ்சாறு வருஷம் குடியிருந்த வீட்டுல பெயிண்ட் மங்கினா அது இயல்பான தேய்மானம், அதை அட்வான்ஸ்ல பிடிக்கிறது நியாயமே இல்ல, கதவை உடைச்சா அது சேதம், ரெண்டையும் குழப்புற ஓனர்கள் நிறைய பேர் இருக்காங்க.

மூணாவதா வந்த குடும்பம் இன்னும் இருக்காங்க. விசாரிச்சுப் பாத்து குடுத்தேன், நிதானமா. அவங்க எதாவது ரிப்பேர்னு சொன்னா அன்னைக்கே போன் பண்ணி ஆள் அனுப்பிடுவேன், அந்தக் கொத்தனார் ஐயாவே நல்ல பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் அறிமுகப்படுத்தி வச்சார், அவங்களுக்கு வேலை முடிஞ்ச உடனே காசு குடுத்துடுவேன், அதனால கூப்பிட்டா வர்றாங்க. ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரத்துல புரோக்கர் வந்து "மார்க்கெட் ஏறிடுச்சு, இவங்களை மாத்துங்க, 5 சதவீதம் கூட வரும்"ன்னார். கணக்கு போட்டேன். இப்போ வாடகை 100னா புது ஆள் 105 தருவார், மாசத்துக்கு 5 கூடுதல். வீடு ஒரே ஒரு மாசம் காலியா கிடந்தா போறது 100, அதை 5 5ஆ மீட்க 20 மாசம் ஆகும், பெயிண்ட்டும் கமிஷனும் தனி. வேணாம்னுட்டேன். கொஞ்சமா ஏத்தினேன், அவங்களும் சரின்னாங்க.

நேர்ல பாத்துக்க முடியாதவங்க வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகிட்ட விடலாம், பல இடங்கள்ல வாடகையில பத்து சதவீதம் சுத்தி எடுப்பாங்க, ஆனா வீடு காலியா இருக்கும்போதும் காசு எடுப்பாங்களா, ரிப்பேர் பில்லு மேல தனியா கமிஷன் வைப்பாங்களான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

வீட்டுக்குன்னு தனி பேங்க் அக்கவுன்ட் வச்சிருக்கேன். வாடகை அதுலதான் விழும், வரி, மெயின்டனன்ஸ், ரிப்பேர் எல்லாம் அதுல இருந்துதான் போகும், வரிக் கணக்கு குடுக்கும்போதும் எல்லாம் ஒரே இடத்துல இருக்கு. அதுல எப்பவும் ஆறு மாச இஎம்ஐ அளவுக்கு குறையாம இருக்கணும்னு வச்சிருக்கேன், அதுக்கு மேல நிக்கிறதை வருஷத்துக்கு ஒரு தடவை அசல்ல கட்டிடுறேன். ரெண்டாவது வீடு எப்போ வாங்குறேன்னு எல்லாரும் கேக்குறாங்க. இந்த வீட்டோட வாடகை அதோட எல்லாச் செலவும் போக இஎம்ஐயில பாதியையாவது தாங்குற வரைக்கும் வாங்குறதா இல்ல, இப்போதைக்கு மூணுல ஒரு பங்கு தாங்குது.